சாய்ந்த மரத்துக்கு யார் பொறுப்பு?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசி மாதம். ஜும்ஆ தொழுகை முடிந்து மக்கள் கலைந்து கொண்டிருந்த நேரம், வயது முதிர்ந்த ஹாஜியார் ஒருவர் தம் இரு மக்களுடன் நம்மிடம் வந்தார். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் பக்கம் அவருக்கு நான்கு ஏக்கரில் ஒரு தோப்பு உண்டு. பங்கனப்பள்ளியும் பெங்களூராவுமாக மாமரங்கள், வரப்போரத்தில் தென்னைகள். அவருடைய தகப்பனார் வைத்தவை பாதி, அவரே வைத்தவை பாதி. அதற்கு மூன்று நாட்களுக்கு முன் மாலையில் இடியுடன் கோடை மழை வந்தது. மழைக்கு முன்னால் வந்த சூறைக்காற்று அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. ஆனால் அது போன பிறகு பார்த்தால், காய் பிடித்து நின்ற பதினான்கு மாமரங்களும் ஐந்து தென்னைகளும் சாய்ந்தும் முறிந்தும் கிடந்தன.

மூத்த மகன் காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். "மர வியாபாரி வந்து பார்த்துவிட்டான், ஹஜ்ரத். மொத்தமாக விலை பேசுகிறான். இன்று சரி என்றால் நாளைக்கே வெட்டி ஏற்றிவிடுவான்" என்றார். இளையவர், "வேர் இன்னும் மண்ணில் இருக்கிறது. தூக்கி நிறுத்தினால் பிழைக்கும் என்கிறார்கள்" என்றார். ஹாஜியார் இருவரையும் பார்க்காமல் நம்மைப் பார்த்துக் கேட்டார்: "ஹஜ்ரத், விழுத்தாட்டியவன் அல்லாஹ். அவன் விழுத்தாட்டியதை நாம் தூக்கி நிறுத்தலாமா? அது தக்தீரோடு மல்லுக்கு நிற்பதாகாதா? இல்லை, நிறுத்தாமல் வெட்டி விற்றால் அது குற்றமாகுமா?"

கேள்வி எளியதுபோலத் தோன்றும். ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்தபோது, அவர் மரத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று நமக்குப் பட்டது. ஆகவே மறுநாள் ஸுப்ஹுக்குப் பின் தோப்புக்கு வருவதாகச் சொன்னோம். அங்கே கண்டதையும், அதன் பின் நாம் கிதாபுகளைப் புரட்டிச் சிந்தித்ததையும், அவற்றால் நமக்கே வந்த வெட்கத்தையும் இங்கே எழுதுகிறோம். நம் வேலூர், ஆம்பூர் பகுதி மக்கள் ஒவ்வொருவருக்கும் இதில் பங்குண்டு என்பது நம் எண்ணம்.

தக்தீர் எதற்கு?

நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே நடக்கின்றன என்று நம்புவது ஈமானின் கடமைகளில் ஒன்று. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நம்பிக்கை நமக்கு எதற்காகத் தரப்பட்டது? நடந்து முடிந்ததைக் கண்டு நெஞ்சு உடைந்து போகாமல் இருப்பதற்காக. கிடைத்ததைக் கண்டு தலை கனத்துப் போகாமல் இருப்பதற்காக. திருமறை இதைத் தெளிவாகவே உணர்த்துகிறது. நாளை செய்ய வேண்டியதைச் செய்யாமல் உட்கார்ந்து கொள்வதற்கு அது ஒரு சாக்காகத் தரப்படவில்லை.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டுப் போன வரலாறு ஸஹீஹ் புகாரியில் வருகிறது. ஸர்ஃ என்னும் இடத்தை அடைந்தபோது, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி எட்டியது. முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள். அன்ஸாரிகளை அழைத்து ஆலோசித்தார்கள். பின்பு குறைஷிப் பெரியவர்களையும் கேட்டுவிட்டு, திரும்பிப் போவதென்று முடிவு செய்தார்கள். அப்போது அபூஉபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அதற்கு உமர் (ரலி) அவர்கள், ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்னும் கருத்தில் பதில் சொன்னார்கள். அத்துடன் ஓர் உவமையும் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கு, அதன் ஒரு பக்கம் பசுமை, மறு பக்கம் வறட்சி. ஒட்டகத்தைப் பசுமையில் மேய்த்தாலும் விதிதான், வறட்சியில் மேய்த்தாலும் விதிதான். அப்படியிருக்க, அறிவுள்ள மேய்ப்பன் எங்கே மேய்ப்பான்?

இந்தப் பதிலை அப்படியே தோப்புக்குக் கொண்டுவந்து பாருங்கள். காற்று அடித்தது அவன் விதி. வேரில் பாதி மண்ணைவிட்டு வெளியேறாமல் நின்றதும் அவன் விதிதான். நம் கைகளில் வலுவைத் தந்ததும், கயிற்றையும் கப்பியையும் தந்ததும் அவனேதான். விழுந்ததை மட்டும் விதி என்று சொல்லி, விழாமல் மிஞ்சிய வேரை விதியில் சேர்க்காமல் விடுவது எந்த நியாயம்? ஹாஜியாருக்கு இதைச் சொன்னோம். அவர் தலையசைத்தார். ஆனாலும் பேசவில்லை.

எதை நிறுத்துவது, எதை வெட்டுவது?

குடியாத்தத்திலிருந்து அனுபவமுள்ள தோட்டக்காரர் ஒருவரை இளையவர் அழைத்து வந்திருந்தார். முஸ்லிம் அல்லர், நாற்பது ஆண்டுகளாக மாந்தோப்புகளிலேயே பாடுபட்ட மனிதர். அவர் கத்தியை எடுக்கவில்லை, கயிற்றையும் எடுக்கவில்லை. முதலில் ஒவ்வொரு மரத்தின் அருகேயும் குனிந்து வேரைப் பார்த்தார். வெளியே தெரிந்த வேர்கள் மீது நனைத்த கோணிச் சாக்கைப் போடச் சொன்னார். "வேரில் வெயில் பட்டால் மரம் போய்விடும், பாய். மற்றதெல்லாம் பிறகு" என்றார்.

தென்னைகளிடம் வந்தபோது அவர் அதிக நேரம் நிற்கவில்லை. தென்னைக்கு உயிர் இருப்பது உச்சியில் உள்ள ஒரே குருத்தில்தான். தண்டு முறிந்தாலோ குருத்து கசங்கினாலோ, வேர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த மரம் மறுபடி தழைக்காது. பக்கத்தில் கிளைத்துப் பிழைக்கும் குணம் அதற்கு இல்லை. ஐந்தில் நான்கு இடுப்பில் முறிந்தவை. அவற்றை வெட்டச் சொன்னார். ஒன்று மட்டும் இளமரம். ஒரு பக்க வேரோடு சரிந்திருந்தது, குருத்துக்குச் சேதமில்லை. அதை நிறுத்தலாம் என்றார்.

மாமரத்தின் குணம் வேறு. அதன் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் உண்டு. தண்டு முறிந்தாலும், முறிந்த இடத்துக்குக் கீழே சரிவாக அறுத்துவிட்டால் அடிமரத்தில் துளிர் வரும். அதில் ஓர் எச்சரிக்கை சொன்னார். ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே துளிர்த்தால் அது பங்கனப்பள்ளி. கீழே துளிர்த்தால் அது காட்டு மா. கீழே வருவதைக் கிள்ளிவிட வேண்டும், அல்லது அதிலேயே புதிதாக ஒட்டுக் கட்ட வேண்டும்; பச்சையாக இருக்கிறதே என்று விட்டு வைத்தால் பின்னால் புளிப்பைத்தான் தின்ன வேண்டும்.

பதினான்கில் எட்டு மாமரங்களை நிறுத்துவது, மூன்றை அடியில் அறுத்துத் துளிர்க்க விடுவது, மூன்றை வெட்டிவிடுவது என்று முடிவாயிற்று. வேலை ஆறு நாள் நடந்தது. நாம் பார்த்த அளவில் அந்த முறையை இங்கே எழுதுகிறோம்; தோப்பு வைத்திருப்போருக்கு உதவும்.

கிழிந்து தொங்கிய வேர்களைக் கூரிய கத்தியால் சுத்தமாக வெட்டினார்கள். காயை எல்லாம் உதிர்த்து, கிளைகளில் பாதியைக் கழித்தார்கள். குறைந்து போன வேரால் முழுக் கிளைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது என்பது காரணம். வேர் இருந்த பக்கம் குழியை அகலமாகத் தோண்டினார்கள். கயிறு உரசும் இடத்தில் சாக்கைச் சுற்றி, கப்பி வைத்து, மிக மெதுவாக இழுத்தார்கள். ஒரேயடியாக இழுத்தால் மிஞ்சியிருக்கும் வேரும் அறுந்துவிடும். நிமிர்ந்த பின் மூன்று பக்கமும் முட்டுக் கொடுத்து, மண் தள்ளி, மிதித்து, தண்ணீர் விட்டு, மேலே சருகால் மூடினார்கள். அறுத்த இடங்களில் போர்டோ பசை பூசினார்கள். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர். இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. உரம் மட்டும் இப்போது போட வேண்டாம் என்று தடுத்துவிட்டார். நோயிலிருந்து எழுந்தவனுக்கு முதல் நாளே பிரியாணி போடுவதுபோல ஆகிவிடுமாம்.

அந்த மனிதர் மரங்களைப் பிரித்த விதத்திலேயே நம் கேள்விக்குப் பாதி விடை இருந்தது. எல்லாவற்றையும் நிறுத்துவேன் என்று அவர் பிடிவாதம் செய்யவில்லை. விழுந்தது விழுந்ததுதான் என்று கைகழுவவும் இல்லை. குருத்துப் போன தென்னைக்கு முட்டுக் கொடுப்பது வீண்செலவு. பொருளை வீணாக்குவதை நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வேர் உயிரோடு இருக்கும் மாமரத்தைச் செங்கல் சூளைக்கு அனுப்புவதும் அதே வீணாக்கல்தான். ஆகவே மூத்த மகனுக்கு நாம் சொன்ன பதில் இது: முறிந்ததை வெட்டி விற்பதில் குற்றமில்லை. ஆனால் எது முறிந்தது, எது சாய்ந்தது என்று பார்க்காமல், வியாபாரி நாளைக்கே வண்டி கொண்டு வருகிறான் என்பதற்காக மொத்தமாக விலை பேசுவது பொறுப்புள்ளவன் செயலாகாது.

கஜாவுக்குப் பின் கண்டது

இந்த இடத்தில் தஞ்சைப் பக்கத்து மக்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான காற்றோடு பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை தோப்புகளைச் சாய்த்தது. தலைமுறை தலைமுறையாகத் தென்னையையே நம்பியிருந்த குடும்பங்கள் ஒரே இரவில் வெறுங்கையோடு நின்றன. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் அது 1,92,500 ரூபாய்.

தொகை சிறிதா பெரிதா என்பது நம் பேச்சல்ல. ஒரு நெட்டைத் தென்னை காய்க்கத் தொடங்கவே ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகும். பின்பு ஐம்பது அறுபது ஆண்டுகள் காய்க்கும். அந்த இடைக்காலத்துப் பசியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அப்படியிருந்தும் அந்த மக்கள் மறுபடி கன்று வைத்தார்கள். வைத்தவர்களில் எழுபது வயதைக் கடந்தவர்களும் இருந்தார்கள். தாம் இளநீர் குடிக்கப் போகிறோம் என்று எண்ணி அவர்கள் குழி தோண்டவில்லை.

கியாமத் வந்துவிட்டது என்றாலும் கையில் ஒரு கன்று இருந்தால் அதை நட்டுவிடும்படி ஏவும் ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். உலகமே முடியும் வேளையில் நடும் கன்றுக்கு நிழல் ஏது, கனி ஏது? ஆகவே கன்றின் பலனைக் குறித்து அங்கே பேச்சில்லை. கையில் இருக்கும் அமானத்தைக் கடைசி வேளை வரை நிறைவேற்றுவது குறித்தே பேச்சு. மரம் வைத்து அதில் மனிதனோ பறவையோ கால்நடையோ தின்றால் அது வைத்தவனுக்கு ஸதகா என்று வரும் ஹதீஸையும் இத்தோடு சேர்த்துப் பாருங்கள். வைப்பவனுக்கு அந்த நன்மை என்றால், விழுந்ததை மீட்டு நிறுத்துகிறவனுக்கும் அதில் பங்கு உண்டு என்று நாம் ஆதரவு வைக்கிறோம்.

சாய்ந்த சுவரின் சட்டம்

இனி நம் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

அந்தத் தோப்பில் ஒரு பழைய பெங்களூரா மரம் முழுவதும் விழவில்லை. நடைபாதையின் பக்கம் சரிந்து, அடுத்த காற்றுக்குக் காத்திருப்பதுபோல நின்றது. அந்தப் பாதை வழியாகத்தான் சுற்றுப்புறத்துப் பிள்ளைகள் காலையில் மக்தபுக்கும் பிறகு பள்ளிக்கூடத்துக்கும் போகிறார்கள். "அது விழவில்லையே, இருக்கட்டும். விழுந்தால் அது அல்லாஹ்வின் நாட்டம்" என்றார் ஹாஜியார். அப்போதுதான் நமக்கு ஓதிய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது.

நம் ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா கிதாபில், சாய்ந்த சுவரைப் பற்றிய சட்டம் ஒன்று உண்டு. ஒருவருடைய சுவர் பொதுவழிப் பக்கம் சாய்ந்துவிட்டது. அவ்வழியே போகும் ஒருவர், இதை இடித்துவிடு என்று சொந்தக்காரரிடம் சாட்சிகளோடு சொல்லிவிட்டார். இடிப்பதற்குப் போதுமான அவகாசமும் இருந்தது. அவர் இடிக்கவில்லை. பின்பு சுவர் விழுந்து உயிருக்கோ பொருளுக்கோ சேதம் வந்தால், சொந்தக்காரர் நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். வெறும் கியாஸின்படி பார்த்தால் அவர்மீது பொறுப்பு வராது. சுவரைத் தள்ளியவர் அவர் அல்லவே. ஆனாலும் நம் இமாம்கள் இஸ்திஹ்ஸானின்படி அவரைப் பொறுப்பாளியாக்கினார்கள். சொன்னவர் முஸ்லிமாக இருந்தாலும் முஸ்லிமல்லாதவராக இருந்தாலும் எச்சரிக்கை எச்சரிக்கைதான். இன்னும் ஒன்று: கட்டும்போதே சாய்வாகக் கட்டியிருந்தால், எவரும் வந்து எச்சரிக்க வேண்டிய தேவைகூட இல்லை. விழுந்த அன்றைக்கே அவர் பொறுப்பாளி.

சிந்தித்துப் பாருங்கள். சுவர் விழுந்தது அல்லாஹ்வின் நாட்டம் என்பதை அந்த இமாம்கள் அறியாதவர்களா? நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். ஆனாலும் அவர்கள் கேட்ட கேள்வி, விழுத்தாட்டியவன் யார் என்பதல்ல. உனக்குச் சொல்லப்பட்டதா, உனக்கு நேரம் இருந்ததா, நீ என்ன செய்தாய் என்பதே. விழுந்ததற்கு முன்னால் நமக்குக் கடமை ஸப்ர். சாய்ந்து நிற்பதற்கு முன்னால் நமக்குக் கடமை செயல். ஒன்றுக்குரியதை இன்னொன்றுக்கு வைத்தால் இரண்டும் கெட்டுவிடும். சாய்ந்து நிற்கும் மரத்துக்கு முன் நின்று விதி என்று சொல்வது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டவரைத் திருத்தி, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸுக்கு மாறு செய்வதேயாகும்.

அன்றே அந்தப் பெங்களூராவின் கிளைகளைக் கழித்து, பாதைக்கு எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டினார்கள். வக்ஃபு நிலங்களைப் பார்த்து வரும் முத்தவல்லிகளுக்கும் இங்கே ஒரு சொல். பள்ளிவாசல் தோப்பிலும் கபரஸ்தானிலும் சாய்ந்து நிற்கும் மரங்களைக் காற்றுக் காலத்துக்கு முன்பே பார்த்து வையுங்கள். விழுந்த மரத்தை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதன் விலை வக்ஃபின் கணக்கில் சேர வேண்டியது.

ஹாஜியார் கேட்ட இரண்டாவது கேள்வி

மூன்றாம் நாள் பிற்பகல். குழி தோண்டிக் கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஒரு வேரைத் தூக்கிக் காட்டினார். முப்பது வயது மரம். ஆனால் அதன் வேர்கள் ஆழத்துக்கு இறங்காமல் மேல்மண்ணிலேயே தட்டையாகப் படர்ந்திருந்தன. "கீழே உப்பு, பாய். வேர் எப்படி இறங்கும்? நாலைந்து அடிக்குக் கீழே இந்த மண்ணில் ஒன்றும் போகாது. அதனால்தான் இந்தக் காற்றுக்கே விழுந்துவிட்டது" என்றார் தோட்டக்காரர்.

ஹாஜியார் நெடுநேரம் அந்த வேரையே பார்த்தார். பின்பு நம்மைத் தனியே அழைத்துப் போய்க் கிணற்று மேட்டில் உட்கார வைத்தார். இளம் வயதில் தாம் ஒரு சிறிய டேனரியில் பங்காளியாக இருந்ததைச் சொன்னார். தோலில் இருந்து உதறிய உப்பும், கழுவிய தண்ணீரும் எந்த வாய்க்காலில் போயின என்பது அப்போதே தமக்குத் தெரியும் என்றார். அது இப்போது மூடிப் போய்விட்டது. அந்தப் பணத்தில்தான் இந்தத் தோப்பை விரிவாக்கினாராம். கடைசியில், "ஹஜ்ரத், மரத்தை விழுத்தாட்டியது அல்லாஹ் என்றேனே. இந்தக் கிணற்றை உப்பாக்கியதும் அவன்தான் என்று சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

நமக்கு உடனே நாவெழவில்லை. ஏன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

நம் பகுதியின் வாழ்வு தோலால் ஆனது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் தொட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஊர்களின் அடுப்பு அந்தத் தொழிலால் எரிந்தது. 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி, 1924-ல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாம், 1965-ல் மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி என்று, இந்தச் சமுதாயத்துக்குக் கல்வி தந்த நிலையங்களின் பின்னால் தோல் வணிகர்களின் கொடை நின்றது. நாம் ஓதிய காலத்தில் உண்ட சோற்றிலும் அந்தக் கொடையின் பங்கு உண்டு. அந்த நன்றியை மறக்கவில்லை; அவர்களுக்காக துஆச் செய்கிறோம்.

ஆனால் அரைப் பதத் தோலின் ஏற்றுமதியை 1970-களில் அரசு கட்டுப்படுத்திய பிறகு, குரோம் முறையில் முழுத் தோலாக்கும் வேலை இங்கே பெருகியது. அதன் கழிவுநீர் நிலத்துக்கும் பாலாற்றுக்கும் போயிற்று. கிணறுகள் கெட்டன, வயல்கள் வெளுத்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததாகக் கூறும் ஆய்வை எடுத்துக் காட்டிற்று. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற விதியையும், கெடும் முன்பே காக்க வேண்டும் என்ற விதியையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது நிலைநாட்டிற்று. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கழிவுநீரை வெளியே விடாத முறைகளும் வந்தன. தொழில் நடத்துவோரில் பலர் பெருஞ்செலவு செய்து திருந்தியதையும் நாம் மறுக்கவில்லை. ஆனாலும் 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குரிய இழப்பீடு குறித்து மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல்!

கெடுத்தவன் ஈடு கொடுக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தியா? சாய்ந்த சுவரின் பாடத்தை மத்ரஸாவில் ஓதிய நமக்கு அது புதிதல்ல. எச்சரிக்கை வந்தது, அவகாசம் இருந்தது. உழவர்கள் வந்து சொன்னார்கள். பெண்கள் காலிக் குடத்தோடு வந்து சொன்னார்கள். நாமோ மிம்பரில் நின்று வுளூவின் தண்ணீர் சுத்தமாக இருப்பதன் மஸ்அலாக்களை விரிவாகப் பேசினோம். அண்டை வீட்டாரின் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. கொடுத்த கை மனம் நோகுமே என்ற அச்சம் நம் நாவைக் கட்டியது. தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேடு மனிதர்களின் கைகள் சம்பாதித்ததே என்று ஸூரத்துர் ரூம் உணர்த்தும் கருத்தை நாம் எத்தனை முறை ஓதியிருப்போம்! அதில் வரும் கை யாருடைய கை என்று மட்டும் கேட்டதில்லை.

ஆகவே ஹாஜியாருக்கு இப்படிச் சொன்னோம்: "அப்படிச் சொல்ல வேண்டாம், ஹாஜியார். காற்று அவனுடையது, உப்பு நம்முடையது. காற்றுக்காக நாம் இன்னாலில்லாஹி சொல்லிப் பொறுமையாக இருப்போம். உப்புக்காகத் தௌபாச் செய்வோம். பிற மனிதரின் உரிமை சம்பந்தப்பட்ட தௌபா வெறும் நாவால் நிறைவேறாது. இயன்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்களை மட்டும் சொல்லவில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாத நமக்கும் அதில் பங்குண்டு."

முடிவாக

அவர் அழுதார். அதன் பின் செய்ததைச் சொல்கிறோம். தோப்பின் மேட்டுப் பக்கம் மழைநீர் நின்று இறங்க ஒரு பெரிய குட்டை வெட்டினார். மழைத் தண்ணீர் ஆண்டுக்காண்டு இறங்கினால்தான் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கீழே போகும். வேறு குறுக்கு வழி இல்லை. பள்ளத்துப் பக்கம் நிலம் வைத்திருக்கும் இரண்டு ஏழைக் குடும்பங்களுக்குத் தம் ஆழ்குழாய்க் கிணற்றில் பங்கு எழுதிக் கொடுத்தார். வெட்டி விற்ற மரங்களின் பணம் அதற்கே போயிற்று. மூத்த மகனுக்கு முதலில் மனத்தாங்கல் இருந்தது; எழுத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

இப்போது இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நிறுத்திய எட்டு மாமரங்களில் இரண்டு முதல் கோடையிலேயே காய்ந்து போயின. ஆறு நிற்கின்றன, அவற்றில் நான்கு இந்த ஆண்டு கொஞ்சம் பூத்தன. அடியில் அறுத்த மூன்றில் ஒன்று ஒட்டுக்கு மேலே துளிர்த்தது; ஒன்று கீழே துளிர்த்தது, அதில் புது ஒட்டுக் கட்டியிருக்கிறார்கள்; ஒன்று ஒன்றும் காட்டவில்லை. இளந்தென்னை பிழைத்துக் கொண்டது. பாதையோரத்துப் பெங்களூராவின் முட்டை இன்னும் எடுக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் இனித்துவிட்டது என்று எழுத நமக்கு ஆசைதான். ஆனால் அது இன்னும் கரிக்கத்தான் செய்கிறது. அறுபது ஆண்டுகளில் சேர்ந்தது இரண்டு ஆண்டுகளில் போய்விடாது.

ஹஜ்ரத் ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் விடுதலைக்காக முன்னூறு பேரீச்சங்கன்றுகள் நட வேண்டியிருந்தபோது, நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தம் முபாரக்கான கரங்களாலேயே அவற்றைக் குழியில் வைத்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. ஒரு மனிதனின் கழுத்துச் சுமையை இறக்க, அல்லாஹ்வின் தூதர் மண்ணில் குனிந்தார்கள். அந்தக் கரங்களை உடையவரின் உம்மத்தான நாம், நம் கையால் கெட்ட மண்ணைத் திருத்தக் குனியாமல் விதியைக் காட்டி நிற்கலாமா?

இல்லங்களில் இதைப் படிக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! அடுத்த காற்றுக் காலம் வருமுன் உங்கள் வீட்டு முற்றத்தையும், தோப்பையும், தொழிலையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எது விழுந்துவிட்டது, எது சாய்ந்து நிற்கிறது என்று பிரித்துப் பாருங்கள். விழுந்ததற்காக அல்லாஹ்விடம் பொறுமையைக் கேளுங்கள். சாய்ந்திருப்பதற்கு இன்றே கயிற்றை எடுங்கள்.

அல்லாஹு தஆலா நம் கைகள் செய்த பிழைகளை மன்னித்து, மிஞ்சியிருக்கும் வேர்களைக் காக்கும் தௌஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.